வலது பக்கத்தில் இருந்தவள்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானாகச் சொல்லவில்லை, ஊரே சொல்லும். அப்படிப்பட்டவளைப் பேசவே கூடாது என்று சொல்லி மாதக்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது பேசலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எழுதினால் மூச்சு வாங்காது, அதனால் எழுதுகிறேன். சயரோகம் என்று கேட்டதுமே பாடைக்கு மூங்கில் தேடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும் நோயைவிடச் செல்லாயிதான் முன்னால் வந்து நிற்கிறாள்.

என் வீட்டுக்காரர் ஞானமுத்து, எங்கள் ஊர்ச் சபைக்கு உபதேசியார். கீரனூருக்கு மேற்கே, பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்றபடி ஞாயிறு ஆராதனை, பிரசங்கம், சாவு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர் இவர்தான். வெண்கலக் குரல். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆனால் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற இடத்தில் மனிதருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. துண்டு நுனியைத் திருகிக்கொண்டு, எப்போது எழுந்திருக்கலாம் என்று பார்ப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் அவரும்தான்.

முதல் தடவை நோய் வந்தபோது, சாயந்தரமானால் காய்ச்சல், விடியற்காலையில் தலையணை நனைகிற வேர்வை, ஓயாத இருமல். சளியில் சிவப்பு தெரிந்த அன்று என்னைப் பஸ்ஸில் ஏற்றி, புதுக்கோட்டையைத் தாண்டி இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே டி.பி. நோயாளிகளுக்குத் தனி பெஞ்சு. எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். மூடி போட்ட எனாமல் கோப்பையில் காறித் துப்பச் சொன்னார்கள். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அப்புறம் எக்ஸ்ரே. சில்லென்ற தகட்டில் நெஞ்சை அழுத்தி, மூச்சை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும்.

டாக்டரம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் மேற்பக்கத்தில் வெள்ளையாக ஒரு திட்டு, அதன் நடுவே கறுப்பாக ஒரு வட்டம்.

“இது குழி. கிருமி தின்னு போட்ட இடம். ஊசி போட்டா ஆறும். ஆனா ரெண்டு மூணு மாசத்துல நல்லாயிட்ட மாதிரி இருக்கும். அத நம்பிராதீங்க. ஒன்றரை வருஷம் விடாம மருந்து எடுக்கணும்.”

கீரனூர் கம்பவுண்டரிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டேன். கூடவே பாஸ் என்று ஒரு மருந்து. வாயில் போட்டால் குடலே மேலே வரும். ஊசியால் காதுக்குள் எந்நேரமும் ஒரு ரீங்காரம். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, காய்ச்சல் நின்றது, இருமல் நின்றது, ரவிக்கை இறுக்கமானது. அந்த நேரம் பார்த்து அறுப்பின் பண்டிகை வந்தது.

அறுப்பின் பண்டிகை என்றால் எங்கள் சபையில் கூட்டம் அம்மும். விளைச்சலில் முதல் பங்கை நெல்லாகவும் பூசணியாகவும் கோழியாகவும் கொண்டுவந்து படைப்பார்கள். மத்தியானம் அதெல்லாம் ஏலம் போகும். நடுவில் சாட்சி நேரம். ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சபைக்குச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் எழுந்தார். சயரோகம் என் மனைவியை விட்டு ஓடிப் போனது, கர்த்தர் பூரண சுகம் கொடுத்துவிட்டார் என்று அந்த வெண்கலக் குரலில் சொன்னார். குரல் உடைந்தது. சபையே அழுதது, நானும் அழுதேன். ஆலயத்துக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு விவசாயக் குடும்பங்கள் அடுத்த ஞாயிறு உள்ளே வந்து உட்கார்ந்தன. அதில் ஒருத்திதான் செல்லாயி.

அதன் பிறகு நான் ஊசிக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பூரண சுகம் என்று சபைக்கு முன்னால் சொல்லியாகிவிட்டது. அப்புறமும் பஸ் ஏறி ஊசிக்குப் போனால் ஆண்டவர் அரைகுறையாகச் சுகம் கொடுத்தார் என்று ஆகிவிடாதா? இப்படி ஒரு கணக்கு எங்கள் ஆட்களுக்குத்தான் வரும்.

இங்கே எங்கள் வியாழக்கிழமையைச் சொல்லியாக வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்துக் கிரேஸ் டீச்சர் வீட்டில் வாரா வாரம் சாயந்தரம் கூடுவோம். டீச்சர், கருவாடு விற்கிற மார்த்தாள் அக்கா, நான். பிறகு செல்லாயியும் வந்தாள். ஞானஸ்நானம் எடுக்காவிட்டால் என்ன, வந்து உட்காரட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கொஞ்சம் வேதவாசிப்பு, ஒரு பாட்டு, பிறகு ஜெபம். அந்த ஜெபத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தனக்காகத் தானே ஜெபிக்கக் கூடாது. நம் பாரத்தை வலது பக்கத்தில் இருப்பவளிடம் சொல்ல வேண்டும். அவள்தான் நமக்காக வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இது ஏதோ பெரிய ஞானத்தில் வந்ததல்ல. மார்த்தாள் அக்கா தன் குறையை ஆதாம் ஏவாளில் ஆரம்பித்துச் சொல்வார். மீமிசல் கடற்கரையில் பிறந்தது, வாக்கப்பட்டது, புருஷன் போனது என்று வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதைச் சுருக்கத்தான் டீச்சர் இந்த ஏற்பாட்டைச் செய்தார். செய்த பிறகுதான் இது எவ்வளவு பொல்லாத ஏற்பாடு என்று தெரிந்தது. நமக்கு நாமே ஜெபித்தால் எதையும் பூசி மெழுகிவிடலாம். இன்னொருத்தி வாயில் போடும்போது முடியாது. அவள் கேட்பாள், “சரியாச் சொல்லு, ஆண்டவர்கிட்ட நான் என்னன்னு சொல்ல?” என்று. பொய் சொன்னால் அந்தப் பொய்யை அவள் கடவுளிடம் கொண்டு போவாள்.

பங்குனி வெயிலில் எனக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. பிறகு இருமல். ஒருநாள் பாத்திரம் விளக்குகிற இடத்தில் இருமினேன், சாம்பல் மேல் ரத்தம் விழுந்தது. தள்ளி மூடினேன். நிமிர்ந்தால் இவர் கதவோரம் நிற்கிறார். பார்த்துவிட்டார். முகம் செத்துப் போயிருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க” என்றேன்.

“போகலாம். கொஞ்சம் பொறு எஸ்தர். ஆண்டவர் பேரைச் சொல்லி ரெண்டு குடும்பம் வந்திருக்கு. இப்பப் போயி நாம…”

“நாம?”

அவர் வேதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் பானையைப் போட்டு உடைத்திருப்பேன், கையில் தெம்பில்லை. பொறுத்தால் நான் செத்துப் போவேன். போனால் சபை செத்துப் போகும் என்பது அவர் நினைப்பு. என் உயிர் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தது.

அந்த வியாழக்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மார்த்தாள் அக்கா வாசலில் வந்து நின்று கூப்பிட்டபோது மறுக்க முடியவில்லை. போய் உட்கார்ந்து பார்த்தால், என் வலது பக்கத்தில் செல்லாயி. டீச்சரிடமோ அக்காவிடமோ சொல்லிவிடலாம். அந்தச் சாட்சியைக் கேட்டே வந்தவளிடம் எப்படிச் சொல்வது? சுகமாக இருக்கிறேன், ஸ்தோத்திரம் பண்ணு என்று சொல்லிவிட நினைத்தேன். வாய் வரை வந்துவிட்டது.

“சொல்லுங்கக்கா. என்னன்னு கேட்கணும்?” என்றாள் செல்லாயி. அவள் வாய்விட்டு ஜெபிப்பது அன்றுதான் முதல் தடவை. உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பரீட்சைக்கு உட்கார்ந்தவள் மாதிரி என் வாயையே பார்த்தாள். இவளுடைய முதல் ஜெபமே ஒரு பொய்யாக இருக்கட்டுமா? என்னால் ஆகவில்லை.

“எனக்கு மறுபடி ரத்தம் வருது செல்லாயி. சுகமாகல.”

டீச்சர் கையிலிருந்த பாட்டுப் புஸ்தகம் கீழே விழுந்தது. செல்லாயி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாமி, எஸ்தரக்காவுக்கு மறுபடி ரத்தம் வருதாம். ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். எங்களுக்கு இப்பத்தான் தெரியும். அது ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுது. நீ கூடப் போ. எனக்கு வேற சொல்லத் தெரியல.”

ஆமென் என்று முடிக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. மார்த்தாள் அக்காதான் அழுதுகொண்டே ஆமென் சொன்னார். சொன்ன கையோடு எழுந்து, கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார். வாசலில் நின்றபடியே என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

“உபதேசியார் தம்பி, காலையில மொத பஸ்ஸுக்கு இவ போகணும். நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, நாங்க கூட்டிட்டுப் போகவா?”

கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் வழி நெடுக, ஜன்னலோரம் எனக்கு வெயில் படாமல் தன் துண்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா என்னைத் திட்டினார் பாருங்கள், வாய் ஜாஸ்தி என்று என்னைச் சொல்கிறவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். குழி பெரிதாகிவிட்டது. மருந்தை நடுவில் விட்டதால் இனி ஊசி மட்டும் போதாது, காற்று ஏற்ற வேண்டும் என்றார். விலா எலும்புக்கு நடுவே நீளமான ஊசியைச் செலுத்தி, நுரையீரலைச் சுற்றிக் காற்றை ஏற்றுவார்கள். அந்தக் காற்று நுரையீரலை அமுக்கிச் சுருக்கி வைக்கும். சுருங்கி ஓய்வாகக் கிடந்தால் குழி மூடிக்கொள்ளும். உடைந்த கைக்குக் கட்டுப் போட்டு அசையாமல் வைக்கிறார்களே, அது மாதிரி. காற்று கரையக் கரைய மறுபடி ஏற்ற வேண்டும். ஊசி உள்ளே போகிறபோது வலியைவிட, மூச்சு பாதியில் நின்றுவிடுகிற அந்தப் பயம்தான் பெரிது. சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, எழுந்து தண்ணீர் மொள்ளக் கூடாது.

வார்டு என்பது மற்றக் கட்டடங்களை விட்டுத் தள்ளிப் போட்ட நீளமான ஓட்டுக் கொட்டகை. காற்றுக்காகச் சுற்றிலும் ஜன்னல். இரவில் ஒருத்தி இருமினால் வரிசையாக எல்லாரும் இருமுவோம். பக்கத்துக் கட்டிலில் திருமயம் பக்கத்து ஆச்சி ஒருவர் இருந்தார். வசதியான வீடு. வெள்ளிக் கூஜாவில் பால் வரும், கொண்டு வருகிற ஆள் வாசலோடு போய்விடுவான், வீட்டார் யாரும் வரமாட்டார்கள். எனக்கு ஆள் வருகிற நாளில் ஆச்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒருநாள் காலையில் நான் கண் விழித்தபோது அந்தக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வெயிலுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை வந்தார். முட்டை அவித்து, ஓடு உரித்து, சூடு போகாமல் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். என் துணிகளைக் கொதிக்கிற நீரில் போட்டு அவரே துவைத்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் சலுகை உண்டுதான், ஆனாலும் ஊசி மருந்தை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. எப்படிச் சமாளிக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. ஒருநாள் அவர் கால் முட்டு வரை புழுதியைப் பார்த்தேன். பஸ் ரோட்டுக்குப் போய்வருகிற சைக்கிளை விற்றுவிட்டார் என்று புரிந்தது. இவ்வளவும் செய்தவர், ஊரில் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. எஸ்தர் தன் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சபையில் சொல்லியிருந்தார். மார்த்தாள் அக்கா வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டவும் முடியாமல் படுத்துக் கிடந்தேன்.

அக்கா, டீச்சர், செல்லாயி மூவரும் கோடை லீவு விட்டதும் ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறி வந்தார்கள். உள்ளே விடமாட்டார்கள். என் கட்டில் ஜன்னலோரம் இருந்ததால் வெளித் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். செல்லாயியின் மாமியார் வீட்டார் சபைக்கு வராதவர்கள், என் விஷயம் எப்படியோ தெரிந்து, ஒங்க சாமி கைவிட்டுருச்சா என்று அவளைக் கேட்டுக் குத்துகிறார்களாம். நான் ஜாடையில் கேட்டேன், ஏன் இன்னும் வருகிறாய் என்று.

அவளுக்கு அது புரிந்தது. “சாட்சியக் கேட்டுத்தான் வந்தேங்க்கா. அதுக்காக இருக்கல. எங்க வீட்டுல என்னைய, ஒனக்கு என்னடின்னு ஒரு ஆளு கேட்டதில்ல. இங்கிட்டு வாரா வாரம் கேட்கறீக. அதுவும் அன்னைக்கு நீங்க எங்கிட்ட நெசத்தச் சொன்னீகல்ல. என்னைய நம்பி யாரு அப்படிச் சொல்லியிருக்கா?”

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், என் வீட்டுக்காரருடையதையும் சேர்த்துத்தான். ஜனத்தோடு ஜனமாக உட்கார்ந்து நன்றாக அழுதும் இருக்கிறேன். ஆனால் என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் பதில் சொல்லவில்லை. விசுவாசம் எனக்குள் கொஞ்சமாவது வேர்விட்டது என்றால், தப்பித்து ஓட முடியாத அந்த நாலு பேர் வட்டத்தில்தான். இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, உபதேசியார் பெண்சாதி அல்லவா, ஆனாலும் உள்ளது இதுதான்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது பின்னாலேயே என் வீட்டுக்காரரும் வந்தார். பெண்கள் கூடுகிற இடம் என்று தாழ்வாரத் தூண் அருகிலேயே நின்றார். பாய் போதவில்லை என்று அக்கா கூடையை நகர்த்தினார்.

“இங்கிட்டு வந்து உட்காருங்க தம்பி. வந்தாச்சுன்னா முறை முறைதான். ஒங்க வலது பக்கம் யாருன்னு பாத்துக்கங்க.”

அவர் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தார். அவருக்கு வலது பக்கம் ஜன்னல் கம்பி. கம்பிக்கு இந்தப் பக்கம் நான்.

துண்டு நுனியைத் திருகினார். எழுந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். டீச்சரின் முறை முடிந்தது, செல்லாயியின் முறை முடிந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார். அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“எனக்குப் பயமா இருக்கு எஸ்தர். அன்னைக்கும் பயத்துலதான் சாட்சி சொன்னேன். நீ செத்துப் போயிருவியோன்னு. அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லிப்புட்டா, ஆண்டவர் தன் பேரைக் காப்பாத்திக்கிறதுக்காவது ஒன்னையப் பொழைக்க விட்டுருவாருன்னு நெனைச்சேன்.”

இவ்வளவு நாளும் நான் அவரைப் பெருமைக்காரர் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் ஜெபித்த மனிதர். அவருக்காக ஒருவர் ஜெபித்து நான் பார்த்ததே இல்லை. நானும் செய்ததில்லை. இப்போது முறை என்னுடையது, நானோ பேசக் கூடாது. நர்ஸ் அந்தக் கோடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாதி மூச்சில் சொன்னேன்.

“ஆண்டவரே, இவர் பயப்படுறார். நான் செத்தாலும் இவரை விட்டுராதேயும்.”

அதற்குமேல் மூச்சு இல்லை. நர்ஸ் வேகமாக வந்தாள். அவர் நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டு, பிள்ளை கேட்கிற மாதிரி, “இன்னொரு தடவை சொல்லு எஸ்தர்” என்றார். நர்ஸ் முகத்தைப் பார்த்துவிட்டு நான் இன்னொரு தடவை சொன்னேன். அவள் போர்வையைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிறே அவர் சபையில் உள்ளதைச் சொல்லிவிட்டார். புதிதாக வந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று வருவதை நிறுத்திக்கொண்டது. அதில் அவருக்கு இன்றும் வருத்தம்தான். இரண்டு மூன்று ஆண்கள் செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் அதே வழக்கத்தோடு கூட ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் அங்கேயும் துண்டைத் திருகுகிறாராம், ஆனால் எழுந்து போவதில்லையாம்.

நான் வீடு திரும்பிய பிறகு அறுப்பின் பண்டிகை மறுபடி வந்தது. அதே நெல், அதே பூசணி, அதே கூட்டம். சாட்சி நேரம் வந்ததும் எல்லார் கண்ணும் எங்கள் பக்கம். என் வீட்டுக்காரர் எழுந்தார்.

“எஸ்தர் வீட்டுக்கு வந்திருக்கா. குழி முக்கால்வாசி மூடியிருக்கு, காற்று இன்னும் ஏத்துறாங்க, ஊசி இன்னும் போடுறோம். ஜெபம் பண்ணுங்க.”

உட்கார்ந்துவிட்டார். போதகர் இன்னும் வரும் என்று காத்திருந்தார். “அவ்வளவுதானா உபதேசியாரே?” என்று கேட்டார்.

“உள்ளது அவ்வளவுதான் ஐயா.”

என் வலது பக்கத்தில் இருந்தவள் வாய்விட்டுச் சொன்னாள், “ஆமென்” என்று. செல்லாயிக்கு அது இப்போது தெரிந்திருந்தது.